1,300 சொல்லும் தெரியும், ஒரு வாக்கியம் வரவில்லை

தர்க்கத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கிய செயற்கை மொழியான லோஜ்பானைப் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கிஸ்மு பட்டியலை ஆங்கி என்ற நினைவட்டை மென்பொருளில் ஏற்றிக்கொள், தினமும் இருபது புது அட்டை போடு, இரண்டே மாதத்தில் மொழி கைக்கு வந்துவிடும். கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. கிஸ்மு எனப்படும் வேர்ச்சொற்கள் மொத்தமே 1,300 சொச்சம். ஒவ்வொன்றும் சரியாக ஐந்து எழுத்து. விதிவிலக்கில்லாத இலக்கணம், எழுதியபடியே உச்சரிப்பு. நாளுக்கு இருபது என்றால் 65 நாளில் பட்டியல் தீர்ந்துவிடும். அப்படித் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தீர்த்த கையோடு "நான் சந்தைக்கு நடந்து போகிறேன்" என்று எழுதச் சொன்னால் பலர் திணறுகிறார்கள். எழுதிவிடுகிறவர்களிலும் பலர், சந்தையின் தரைமேல் உலாவுவதாக எழுதிவிடுகிறார்கள். ஐந்தே வார்த்தை வேண்டிய வாக்கியம், அதற்கான மூன்று வேர்ச்சொற்களும் அட்டையில் இருந்தவை, அத்தனையும் பச்சை நிறத்தில் தேறியவை. பிறகு ஏன் வரவில்லை? அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதுதான் கோளாறு என்பது என் தீர்மானம். அதைச் சரிசெய்வது எப்படி என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் லோஜ்பான் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்கள் அட்டைகளில் அப்படிச் செய்யாதீர்கள். லோஜ்பான் ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. அதில் சி என்ற எழுத்து எப்போதும் 'ஷ்', ஜே என்ற எழுத்து 'மெஷர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் வருகிற மெல்லிய ஒலி, எக்ஸ் என்ற எழுத்து தொண்டையில் உரசுகிற ககரம். ஆங்கிலப் பழக்கத்தில் சி-யைக் ககரமாக வாசித்துப் பழகிவிட்டால் அதைக் கழற்ற மாதக்கணக்காகும். தமிழ் எழுத்தில் போட்டாலோ ப, த, க ஆகியவற்றின் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு காணாமல் போகும்.

கிஸ்மு எப்படிப்பட்ட சொல்

கிஸ்மு இரண்டே வார்ப்புகளில் வரும். மெய், மெய், உயிர், மெய், உயிர் என்பது ஒன்று. மெய், உயிர், மெய், மெய், உயிர் என்பது மற்றொன்று. க்லாமா முதல் வகை, தாவ்லா இரண்டாம் வகை. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. மாண்டரின், ஆங்கிலம், ஹிந்தி, ஸ்பானிஷ், ரஷ்யன், அரபி ஆகிய ஆறு மொழிகளில் ஒரு கருத்துக்கு உள்ள சொற்களைக் கணினியில் கொடுத்து, அவற்றின் ஒலித்துண்டுகள் எந்த வடிவத்தில் அதிகம் ஒட்டுகின்றன என்று மதிப்பெண் போட்டு எடுத்தார்கள். பேசுவோர் எண்ணிக்கைப்படி மொழிகளுக்கு எடை உண்டு. முதலில் வைத்த எடைகள்: மாண்டரினுக்கு 0.36, ஆங்கிலத்துக்கு 0.21, ஹிந்திக்கு 0.16, ஸ்பானிஷுக்கு 0.11, ரஷ்யனுக்கு 0.09, அரபிக்கு 0.07. தெரிந்த மொழியின் துண்டு உள்ளே இருந்தால் சொல் எளிதாக நினைவில் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. ஷுக்தா என்றால் புத்தகம். அதற்குள் சீனத்தின் 'ஷூ' இருக்கிறது, அரபியின் 'கிதாப்' என்பதன் ககரமும் தகரமும் இருக்கின்றன. ஆனால் இதெல்லாம் யாராவது சுட்டிக்காட்டிய பிறகு தெரிவது. சொல்லை முதன்முதலாகப் பார்க்கும்போது உதவுகிற கொக்கியாக இது அபூர்வமாகத்தான் அமைகிறது. ஆங்கிலமும் கொஞ்சம் ஹிந்தியும் தெரிந்த தமிழருக்குக்கூடப் பெரும்பாலான கிஸ்மு பொருளற்ற அசைகளாகத்தான் தோன்றும். 1885-இல் வெளியான தன் மறதி ஆய்வுக்கு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தேர்ந்தெடுத்ததும் அத்தகைய அசைகளைத்தான், அவை மிக வேகமாக மறக்கும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம். ஆகவே இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கிற மென்பொருள் இந்த மொழிக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. அதை நான் மறுக்கவில்லை.

இந்தச் சொற்பட்டியலில் அட்டை போடுகிறவர்களுக்கு மிகவும் பயன்படுகிற இரண்டு விதிகள் உண்டு, அவற்றைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவது, இலக்கண எடுத்துக்காட்டுக்கென்று வைத்த ப்ரோடா வரிசையைத் தவிர, எந்த இரண்டு கிஸ்முவுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. கடைசி உயிர் பொருளை வேறுபடுத்துவதில்லை, அதனால்தான் அது முதலில் மறக்கிறது. இரண்டாவது, ஒரே இடத்தில் ஒத்த ஒலி மெய் மட்டும் மாறிய இரட்டைகளும் கிடையாது. க்லாமா இருப்பதால், அதன் முதல் ககரத்தை மெல்லொலியாக்கிய சொல் இருக்கவே முடியாது. எனவே தட்டச்சு செய்யும் அட்டையில் கடைசி உயிர் மட்டும் பிசகினால் 'ஹார்ட்' பொத்தானை அழுத்தலாம். கேட்பவருக்குச் சொல் புரிந்துவிடும், மறந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. முதல் நான்கில் ஏதாவது பிசகினால் 'அகெய்ன்' மட்டுமே. 'ஹார்ட்' என்பது தேர்ச்சிக் குறி என்பதை மறக்காதீர்கள். மறந்துபோன அட்டைக்கு வெட்கப்பட்டு 'ஹார்ட்' அழுத்துகிறவர்களுக்கு மென்பொருள் தவறான இடைவெளியைத்தான் கணக்கிடும்.

ஒற்றைச் சொல் பட்டியல் எங்கிருந்து வந்தது

ஜேம்ஸ் குக் பிரவுன் 1955-இல் தொடங்கி 1960-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அறிமுகப்படுத்திய லோக்லான்தான் இந்த மொழியின் தாய். அதன் சொற்களுக்கு லோக்லான் நிறுவனம் உரிமை கோரியதால், 1987-இல் பிரிந்து வந்த லாஜிக்கல் லாங்குவேஜ் குரூப் வேர்ச்சொற்கள் அத்தனையையும் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. லோக்லான் என்ற பெயர் யாருக்கு என்ற வழக்கு 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், பெயர் எல்லோருக்கும் பொது என்று முடிந்தது. பழைய சொற்களை உருப்போட்டவர்கள் எல்லாவற்றையும் மறுபடி உருப்போட வேண்டிய நிலை. அந்தக் குழு டாஸ் கணினிகளுக்கென்று லாக்ஃப்ளாஷ் என்ற அட்டை மென்பொருளையே வினியோகித்தது. இன்றைய ஆங்கி 2006-இல்தான் வந்தது, அதற்கு வெகுகாலம் முன்பே லோஜ்பான்காரர்கள் கணினித் திரையில் சொல் தட்டச்சு செய்து பழகிக்கொண்டிருந்தார்கள். அதிகாரபூர்வ கிஸ்மு பட்டியலில் ஒவ்வொரு வேருக்கும் எதிரே வேறெதற்கும் தராத ஒற்றை ஆங்கிலச் சொல் ஒன்று நிற்கும். அட்டைக்கு அது வசதி: ஒரு பக்கம் ஒரு சொல், மறுபக்கம் ஒரு சொல், விடை ஒன்றே ஒன்று. இன்று இணையத்தில் இறக்கிக்கொள்ளும் டெக்குகள், அதாவது அட்டைக்கட்டுகள், பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொற்களையே பின்பக்கத்தில் வைத்திருக்கின்றன. க்லாமாவுக்கு அங்கே இருப்பது 'கம்'. க்லாமாவோ வருவதையும் போவதையும் பிரித்துப் பார்க்காத சொல்.

அதே பட்டியலில், ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே முழு விளக்கமும் இருக்கிறது. 1, 2-க்கு, 3-இலிருந்து, 4 வழியாக, 5-இல் ஏறி வருகிறது அல்லது போகிறது. எண்கள் ஒவ்வொன்றும் ஒரு பெயர் வந்து நிற்கும் இடம். மொத்தம் ஐந்து இடங்கள். க்லாமா என்ற சொல்லின் பொருள் இந்த ஐந்தும் சேர்ந்ததுதான். லோஜ்பானில் வேற்றுமை உருபு இல்லை. யார் போகிறார், எங்கே போகிறார் என்பதை இடத்தின் வரிசைதான் காட்டும். 'மி க்லாமா லெ ஸார்ஷி' என்றால் நான் சந்தைக்குப் போகிறேன். மி என்பது நான், ஸார்ஷி சந்தை, லெ அதற்கு முன்னால் வரும் சுட்டு. 'க்கு' என்று சொல்ல அந்த வாக்கியத்தில் ஒரு துணுக்கும் இல்லை. க்லாமாவின் இரண்டாம் இடத்தில் நிற்பதாலேயே சந்தை சேருமிடம் ஆகிறது.

இப்போது நடத்தலுக்கு வருவோம். ஷாத்ஸு என்றால் நடப்பது. அட்டையின் பின்பக்கத்தில் 'வாக்' என்று இருக்கும், படித்தவரும் சரியாகச் சொல்லியிருப்பார். உடனே 'மி ஷாத்ஸு லெ ஸார்ஷி' என்று எழுதுகிறார். ஷாத்ஸுவின் இடங்கள் இவை: 1, 2 என்ற பரப்பின்மேல், 3 என்ற உறுப்புகளால் நடக்கிறது. இரண்டாம் இடம் கால் படும் தரை. சேருமிடத்துக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது. எழுதியது இலக்கணப்படி சரியான வாக்கியம், யாரும் பிழை என்று சிவப்புக் கோடு போடமாட்டார்கள், பொருள் மட்டும் வேறு. சரியான வழி 'மி ஷாத்ஸு க்லாமா லெ ஸார்ஷி'. இரண்டு வேர்களை அடுத்தடுத்து வைத்தால் முன்னது அடையாகிவிடும், இடங்களெல்லாம் பின்னதற்குரியவை. நடந்துபோகும் போக்கு, ஆகவே க்லாமாவின் இரண்டாம் இடமான சேருமிடம் அங்கே கிடைக்கிறது. 'வாக்' என்ற விடையை ஆயிரம் முறை சரியாகச் சொன்னாலும் இது தெரியவராது. அட்டை கேட்காத ஒன்றை அட்டை கற்றுத்தராது, அவ்வளவுதான் விஷயம். ஒற்றைச் சொல் டெக்கை முடித்தவர்கள் 1,300 சொற்களைக் கற்கவில்லை. 1,300 ஆங்கிலச் சொற்களுக்கு வேறு பெயர்களைக் கற்றிருக்கிறார்கள். இந்த வாக்கியம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் மாதக்கணக்கில் உழைத்தவர்கள் பேச்சு வராமல் மொழியையே விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கும்போது, இதை மெதுவாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தமிழ் உருபு இங்கே கைகொடுக்கும்

பின்பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். நம் மொழி என்ற பற்றினால் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் க்லாமாவின் இடங்களை எழுத 'டெஸ்டினேஷன், ஆரிஜின், ரூட்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது, அது நினைவுக்கு மேலும் ஒரு சுமை. தமிழில் எண்ணுக்குப் பின்னால் உருபைச் சேர்த்தால் போதும். க்லாமா: 1, 2-க்கு, 3-இலிருந்து, 4 வழியாக, 5-இல் போகிறது. துந்தா: 1, 2-ஐ, 3-க்கு இலவசமாகத் தருகிறது. வெஷ்னு: 1, 2-ஐ, 3-க்கு, 4 விலைக்கு விற்கிறது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், உருபு இடத்தை ஞாபகப்படுத்திவிடும். 'மி துந்தா லெ ஷுக்தா தோ' என்பதைப் பார்த்ததும் புத்தகத்துக்குப் பின்னால் ஐ-யும், தோ என்ற 'நீ'-க்குப் பின்னால் 'க்கு'-வும் மனத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

உருபு நம்மை ஏமாற்றுகிற இடங்களும் உண்டு, அவற்றுக்குத்தான் தனி அட்டை தேவை. தாவ்லா: 1, 2-உடன், 3-ஐப் பற்றி, 4 மொழியில் பேசுகிறது. ஷுஸ்கு: 1, 2-ஐ, 3-இடம், 4 வாயிலாகச் சொல்கிறது. கேட்பவர் தாவ்லாவில் இரண்டாம் இடத்தில், ஷுஸ்குவில் மூன்றாம் இடத்தில். 'மி தாவ்லா தோ' என்றால் உன்னோடு பேசுகிறேன். 'மி ஷுஸ்கு தோ' என்றாலோ உன்னையே வார்த்தையாக வெளியிடுகிறேன் என்றாகிவிடும். போதாக்குறைக்கு, எழுதுவதைக் குறிக்கும் ஷிஸ்கா ஒலியிலும் ஷுஸ்குவை ஒட்டி நிற்கிறது. நெல்ஷியும் ப்லுகாவும் இன்னொரு சோடி. நெல்ஷியில் 1, 2-ஐ விரும்புகிறது. ப்லுகாவில் 1, 2-க்குப் பிடித்தமாக இருக்கிறது. 'எனக்குப் பிடிக்கும்' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நமக்கு ப்லுகாவின் அமைப்புதான் இயல்பாக வரும். அதே பழக்கத்தில் நெல்ஷியைத் தலைகீழாக எழுதிவிடுவது தமிழ் பேசுகிறவர்கள் எளிதில் விழக்கூடிய பள்ளம்.

அட்டையை அமைக்கும் முறை

ஆங்கியில் புதிய நோட் வகை ஒன்றை உருவாக்குங்கள். நோட் என்பது ஒரு சொல்லின் தகவல்களை வைக்கும் பதிவு, அதிலிருந்துதான் அட்டைகள் பிறக்கும். புலங்கள் ஐந்து போதும்: கிஸ்மு, உருபுச் சட்டகம் (மேலே பார்த்தபடி எண்ணும் உருபும் சேர்ந்த வரி), எடுத்துக்காட்டு வாக்கியம், பொறி, ஒலி. 'பொறி' என்ற புலத்தில் அந்தச் சொல்லில் எந்த இடம் நம் எதிர்பார்ப்பை மீறுகிறதோ அதைக் கேட்கும் கேள்வியை எழுத வேண்டும். இந்த நோட்டிலிருந்து மூன்று அட்டை வார்ப்புகள்.

முதல் அட்டையின் முன்பக்கத்தில் எடுத்துக்காட்டு வாக்கியம் முழுதாக இருக்கும், தனிச் சொல் இருக்காது. வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், பின்பக்கத்தில் சட்டகம். இரண்டாவது அட்டையில் சட்டகத்தைக் காட்டி கிஸ்முவைத் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டும். வார்ப்பில் புலப்பெயருக்கு முன்னால் 'டைப்' என்ற சொல்லும் கோலனும் சேர்த்தால் தட்டச்சுப் பெட்டி வந்துவிடும், தவறிய எழுத்தை நிறம் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது அட்டையின் முன்பக்கத்தில் 'பொறி' புலம் மட்டும். உதாரணமாக, ஷாத்ஸுவுக்கு: "மி ஷாத்ஸு லெ ஸார்ஷி, இதில் சந்தைக்கு என்ன வேலை?" விடை, கால் படும் தரை. சாப்பிடுவதைக் குறிக்கும் ஷித்கா போன்ற சொற்களில் பொறி ஏதும் இல்லை. 1, 2-ஐச் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். அங்கே அந்தப் புலத்தைக் காலியாக விடுங்கள். முன்பக்கம் காலியானால் ஆங்கி அந்த அட்டையை உருவாக்காது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வேறு நோட் வகையான க்ளோஸில் இதையே செய்யலாம். ஆனால் அப்போது ஒரே சொல்லின் அட்டைகள் இரண்டு நோட்டுகளில் சிதறிவிடும், சகோதர அட்டைகளைத் தள்ளிவைக்கிற வசதி வேலை செய்யாது. அந்த வசதியை டெக் அமைப்புகளில் கட்டாயம் இயக்கிவிடுங்கள். ஒரே சொல்லின் இரண்டு அட்டை ஒரே நாளில் வந்தால், இரண்டாவதற்கான விடை முதலாவதன் எதிரொலியாகத்தான் வரும்.

ஐந்து இடங்களையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்கிற அட்டையைப் போடாதீர்கள். அதில் நாலு சரியாக வந்து ஒன்று தவறினால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது. என் தேர்வு இது: முதல் மூன்று இடங்களுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள், நாலாவதும் ஐந்தாவதும் பின்பக்கத்தில் கண்ணில் பட்டால் போதும். சொல்லாத இடம் லோஜ்பானில் பிழையில்லை, சூழலே நிரப்பிக்கொள்ளும். போத்தலைக் குறிக்கும் போட்பிக்கு நாலாம் இடம் மூடி. அதை எழுதவேண்டிய வாக்கியம் எத்தனை தடவை வரப்போகிறது? ஆனால் இரண்டாம் இடத்தைத் தவறவிட்டால் வாக்கியமே வேறாகிவிடும். வரிசையை மாற்றுகிற ஸெ, தெ, வெ, ஹெ என்ற துணுக்குகளையும் தனிச் சொற்களாக உருப்போட வேண்டாம். ஸெ முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் மாற்றிப்போடும், தெ முதலையும் மூன்றையும். ஸெ க்லாமா சேருமிடம், தெ க்லாமா கிளம்புமிடம், தெ வெஷ்னு வாங்குகிறவர், வெ வெஷ்னு விலை. சட்டகம் மனத்தில் இருந்தால் இவற்றை அப்போதைக்கப்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒற்றைச் சொல் டெக்கில் படித்தவர்கள் 'வாங்குகிறவர்' என்பதற்குத் தனி வேர் தேடி அலைவார்கள்.

ஒலிக்கு ஈஸ்பீக் என்ற இலவசப் பேச்சு மென்பொருளில் லோஜ்பான் உண்டு. குரல் இயந்திரத்தனமானது. ஆனால் எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருக்கும் மொழி என்பதால் உச்சரிப்புப் பிசகாது, ஷகரப் பழக்கத்தை நிலைநிறுத்த அது போதும்.

எந்த வரிசையில், எத்தனை

பட்டியல் அகரவரிசையில் இருக்கிறது. அதே வரிசையில் அட்டையைத் தொடங்குவதைப் போலக் கேடு வேறில்லை. பாஷ்ரு, பாத்ரி, பாஜ்ரா, பாக்னி, பாக்து என்று உச்சரிப்பது, வருந்துவது, ஓடுவது, மாடு, வாளி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருக்கும் ஐந்து சொற்களை ஒன்றாகக் கற்றால் ஐந்தும் ஒன்றையொன்று அழிக்கும். பொருள் வகையாக அடுக்குவதும் தீர்வாகாது. நிறங்களை ஒரு வாரம், உறவுமுறைகளை ஒரு வாரம் என்று சேர்த்துக் கற்றால் ஒன்றோடொன்று மயங்கி மெதுவாகவே மனத்தில் ஏறுகின்றன என்று 1990-களின் சொல்கற்றல் ஆய்வுகள் காட்டின. பயன்பாட்டு அடிப்படையில் வரிசைப்படுத்திய பட்டியலை எடுத்து, அதைக் கொஞ்சம் கலைத்துவிடுவதே நல்லது. ஆங்கியின் பிரவுசரில் புது அட்டைகளைத் தேர்ந்தெடுத்து 'ரீபொசிஷன்' செய்தால் வரிசை மாறிவிடும்.

எல்லாவற்றையும் படிக்கவும் வேண்டியதில்லை. 10-இன் மைனஸ் 24-ஆம் அடுக்குக்கு கோஷ்தி, 24-ஆம் அடுக்குக்கு கோத்ரோ என்று அளவை முன்னொட்டுகளுக்குக்கூட கிஸ்மு உண்டு. நாடு, மொழி, பண்பாடுகளுக்கு ஒரு கூட்டம் உண்டு. அதில் வங்காளிக்கும் உருதுவுக்கும் வேர் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் முதல் நாளே சஸ்பெண்ட் செய்துவிடுங்கள். முதல் 300, 400 சொற்கள் சட்டகத்தோடு உறுதியாகிவிட்டால் எளிய உரைகளை அகராதி துணையோடு வாசிக்க ஆரம்பித்துவிடலாம். மீதி வாசிப்பிலிருந்து வரட்டும்.

நாளுக்கு ஐந்து நோட்டு என்பது என் அளவு. ஒரு நோட்டுக்கு இரண்டு அல்லது மூன்று அட்டை, ஆக 10 முதல் 15 புது அட்டை. சில வாரங்களில் தினசரி மீள்பார்வை புது அட்டையின் ஏழு முதல் பத்து மடங்கில் வந்து நிற்கும், அதாவது மேல்வரம்பில் 150. தட்டச்சோடு அட்டைக்கு எட்டு விநாடி என்று வைத்தால் இருபது நிமிடம். இதையே நாளுக்கு இருபது நோட்டு என்று போட்டால் மேல்வரம்பில் 60 புது அட்டை, 420 முதல் 600 மீள்பார்வை, கிட்டத்தட்ட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ. ஆங்கி இயல்பாக ஒரு நாளைக்கு 200 மீள்பார்வை என்ற வரம்பை வைத்திருப்பதால் மிச்சம் கண்ணில் படாமல் பின்னால் சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் திரும்பிப் பார்த்தால் மலைபோல் நிற்கும். பலர் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான். 2023 கடைசியில் ஆங்கியில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் கணிப்பு முறையை இயக்குங்கள், நினைவு இலக்கை அதன் இயல்பான 0.90-லேயே விடுங்கள். 0.95 என்று ஏற்றினால் வேலை வெகுவாகக் கூடும், கிடைக்கும் பயன் சொற்பம். மாதம் ஒருமுறை 'ஆப்டிமைஸ்' அழுத்தினால் அது உங்கள் மறதியை அனுசரித்துக்கொள்ளும்.

முரண்டு பிடிக்கும் அட்டைகள்

எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆங்கி 'லீச்' என்று முத்திரை குத்தும். லோஜ்பானில் லீச் அநேகமாக எப்போதும் சோடியாகத்தான் வரும். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை. எந்தச் சொல்லோடு மயங்குகிறது என்று பாருங்கள். தட்டச்சு செய்த தவறான விடையே அதைக் காட்டிக்கொடுக்கும். சோடியில் உறுதி குறைந்ததை சஸ்பெண்ட் செய்துவிட்டு, மற்றது இரண்டு மாத இடைவெளியைத் தாண்டிய பிறகு திரும்ப விடுங்கள். ஷுஸ்கு, ஷிஸ்கா போன்ற சோடிக்கு, இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகிற எடுத்துக்காட்டை எழுதி இரண்டு நோட்டிலும் போடுவது நல்ல பலன் தரும்.

ஒலிக்கொக்கி தேவைப்பட்டால் ஆங்கிலத்தைத் தேடாமல் தமிழில் தேடுங்கள். வருத்தத்துக்கான பாத்ரியைக் கேட்டதும் பாதிரி நினைவுக்கு வருவார். ஷித்காவுக்குச் சிட்டிகை. பெரியது என்ற பொருள் கொண்ட பார்தாவுக்குப் பெரிய பர்தா. 1975-இல் ரஷ்யச் சொற்களை வைத்து அட்கின்சனும் ராவும் சோதித்துப் பார்த்த பழைய முறைதான் இது, முதல் வாரத்தைத் தாண்ட நன்றாக உதவும். கொக்கிக்குள் இரண்டாம் இடத்தையும் நுழைத்துவிட்டால் இன்னும் நல்லது. பாதிரி சும்மா வருந்தக்கூடாது, இடிந்த கோபுரத்துக்காக வருந்தட்டும். பாத்ரியின் இரண்டாம் இடம் வருத்தத்தின் காரணம்.

கடைசியாக ராஃப்ஸி. கூட்டுச்சொல் செய்வதற்கென்று பல கிஸ்முவுக்கு மூன்றெழுத்துக் குறுக்கம் உண்டு. நாயைக் குறிக்கும் கெர்குவுக்கு கெர், வீட்டைக் குறிக்கும் ஸ்தானிக்கு ஸ்தா. சேர்த்தால் கெர்ஸ்தா, நாய்க்கூடு. லோஜ்பான் என்ற பெயரே தர்க்கத்தைக் குறிக்கும் லோக்ஜி, மொழியைக் குறிக்கும் பாங்கு என்ற இரண்டின் குறுக்கம்தான். இந்தக் குறுக்கங்களுக்கென்று இன்னொரு டெக் போட்டு இரட்டை வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். கிஸ்முவின் கடைசி உயிரை எடுத்துவிட்டு ஒய் என்ற எழுத்தைச் சேர்த்தாலே வேர் கூட்டின் முற்பகுதியில் பொருந்தும், கடைசியில் முழு வேரையே வைக்கலாம், ஆகவே குறுக்கம் தெரியாமல் யாரும் தவித்துப்போவதில்லை. வாசிக்கும்போது எதிர்ப்படுகிற கூட்டுச்சொல்லை அப்படியே ஒரு நோட்டாக்குங்கள். அதன் சட்டகத்தைப் பாகங்களிலிருந்து ஊகிக்காமல் ஜ்போவ்லாஸ்தே அகராதியில் பார்த்து எழுதுங்கள், ஏனென்றால் கூட்டுச்சொல்லில் எந்தப் பாகத்தின் எந்த இடம் மிஞ்சும் என்பது சொல்லுக்குச் சொல் மாறும். குறுக்கத்தைப் பின்பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டுவையுங்கள். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம்.